ஐம்பது டிகிரி வரைக்கும்

முப்பத்தொன்று. நிமிஷத்துக்கு ஒரு டிகிரி ஏறினால் ஐம்பதைத் தொட இன்னும் பத்தொன்பது நிமிஷம். அதுவரைக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிரச் சென்னியப்பனுக்கு வேறு வேலை இல்லை. இருபத்தாறு வருஷமாக இந்தப் பித்தளைக் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து பழகியவன்தான். லேபில் மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். மணி ஒன்று பத்து. இரண்டுக்குள் முடித்துக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் இப்படி ஒரு சோதனை நடந்ததே யாருக்கும் தெரியப்போவதில்லை. ரிஜிஸ்டரில் எழுதவில்லை. எழுதாமல் ஒரு சோதனையைப் போடுவது இந்த இருபத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை, அதையும் மனசு ஒரு பக்கம் குறித்து வைத்துக்கொள்கிறது, குறிக்க வேண்டியதைக் குறிக்காதவன் குறிக்க வேண்டாததை எல்லாம் குறித்துக்கொண்டிருக்கிறான். சோதனை என்னவோ எளிமையானதுதான். கிண்ணத்தில் கோடு வரைக்கும் திரவம், மேலே மூடி, மூடியில் ஒரு சின்னக் கதவு. திரவம் சூடேற ஏற ஆவி எழும்பி மூடிக்குக் கீழே தங்கும். கதவைத் திறந்து கடுகளவு நெருப்பை உள்ளே காட்டி எடுக்க வேண்டும். ஆவி போதவில்லை என்றால் ஒன்றும் நடக்காது, இன்னும் ஒரு டிகிரி ஏறவிட்டு மறுபடி காட்ட வேண்டும். போதும் என்றால் நீலமாக ஒரு வீச்சு பரவி அணையும். எந்தச் சூட்டில் அந்த நீலம் வந்ததோ அதுதான் ஃபிளாஷ் பாயிண்ட். அறுபதுக்கு மேலே வந்தால் சாதாரணச் சரக்கு, எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அறுபதோ அதற்குக் கீழோ என்றால் தீப்பற்றும் சரக்கு, ட்ரம்மில் தீ படம் ஒட்டித் தனி அறையில் பூட்டி வைக்க வேண்டும். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இதே திரவத்துக்கு இதே கிண்ணத்தில் அறுபத்துமூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் அவன். அந்த அறுபத்துமூன்று பொய்யோ என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை.

முப்பத்துநான்கு. ஆவி இன்னும் ஏதும் எழும்பியிருக்காது, அல்லது எழும்பிக்கொண்டிருக்கும், யார் கண்டது. கலக்குகிற மோட்டார் கிர்ரென்று ஓடிக்கொண்டிருக்கிறது. திரவம் வேறொன்றுமில்லை, துணியில் எண்ணெய்க் கறை எடுக்கிற மருந்து. குழந்தைவேலு என்கிற வியாபாரி புதிதாகக் கலந்து திருப்பூருக்கு விற்கிறார், சர்டிபிகேட் இல்லாமல் பனியன் கம்பெனிக்காரர்கள் வாங்க மாட்டார்கள், அதனால் இங்கே கொண்டுவந்தார். எங்கே வைப்பீர்கள் என்று கேட்டதற்கு, செக்கிங் டேபிள் பக்கத்துலயேதானுங்க, அங்கதான் பொம்பளைங்க உக்காந்து கறை எடுப்பாங்க என்றார். சென்னியப்பன் அப்படி ஒரு இடத்தைப் பார்த்திருக்கிறான். எட்டு வருஷம் முன்னால் சாம்பிள் எடுக்கப் போனபோது. நீள மேஜை, மேலே டியூப்லைட், இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், கறை தெரிந்தால் துப்பாக்கி மாதிரி ஒன்றை எடுத்துப் புஸ் என்று மருந்தை அடிக்கிறார்கள். அவர்களுக்கு முதுகுப் பக்கம் நாலு எட்டு தள்ளி அயர்ன் டேபிள். மாஸ்டர்கள் வியர்த்து ஒழுக ஸ்டீம் பெட்டியை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள், பெட்டியின் அடிப்பக்கம் நூற்றைம்பது டிகிரி இருக்கும். ஸ்விட்ச் போர்டு ஒன்று மூடியில்லாமல் தொங்கியது. முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்த ஒரு பெண் அவனைப் பார்த்து, இது தலையைச் சுத்துதுங்க சார், ஒண்ணும் ஆகாதுங்களா என்று கேட்டாள். அவன் என்ன சொன்னான் என்பது ஞாபகம் இல்லை. ஏதோ சொல்லியிருப்பான், படித்தவன் சொல்கிற மாதிரி ஏதோ ஒன்று. ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும், அங்கே அந்தப் பெண்கள் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள், சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு. அதைத் தவிர வேறு எதையாவது நினைக்கலாம் என்று பார்த்தால் மனசு திரும்பத் திரும்ப அந்த மேஜைக்கு அடியிலேயே போய்க் குனிகிறது.

முப்பத்தாறு. எல்லாம் இந்த மூக்கால் வந்தது. போன ஐப்பசியில் நாலு நாள் காய்ச்சல், வழக்கம்போல ஒரு மாத்திரை, ஒரு கஷாயம், ஐந்தாவது நாள் வேலைக்கு வந்துவிட்டான். வாசனை மட்டும் வரவில்லை. சளி இறங்கினால் வந்துவிடும் என்று பத்து நாள், மார்கழி போனால் வந்துவிடும் என்று இரண்டு மாதம், பிறகு எதைச் சொல்லிக்கொள்வது என்றே தெரியாமல் போய்விட்டது. சித்திரை வந்தாயிற்று. காப்பி வெறும் சூடு. சாம்பார் வெறும் உப்பு. கமலவேணி தட்டில் போடும்போதே வாசனை தூக்குது என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவான், அவளும் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இல்லாத புகழ்ச்சியாக இருக்கிறதே என்று ஒரு மாதிரி பார்ப்பாள். மாசி மாதம் ஒருநாள் அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது காப்பி வைக்கலாம் என்று அடுப்படிக்குப் போனான். தீக்குச்சியைக் கையில் எடுத்துவிட்டான். உரசவில்லை, ஏனென்றால் அந்த நேரம் பார்த்து போன் அடித்தது, எவனோ கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்டான், அவனோடு வாசல் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தான். எதிரே கமலவேணி செருப்பைக் கழற்றக்கூட இல்லை, உள்ளே ஓடி ஜன்னலைத் திறந்தாள். "ஏனுங்க, கேஸ் நாத்தம் ரோடு வரைக்கும் வருது, உங்குளுக்குத் தெரியலீங்களா?" சளி பிடித்திருக்கிறது என்றான். சளி. நெருப்போடு பிழைப்பு நடத்துகிறவன், எத்தனை பங்கு ஆவிக்கு எத்தனை பங்கு காற்று சேர்ந்தால் வெடிக்கும் என்று மனப்பாடமாகச் சொல்கிறவன், சளி என்றான். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வீட்டிலாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அழுவாள், அழுதுவிட்டு டாக்டரிடம் இழுத்துப் போவாள், டாக்டர் இனி வராது என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காமல் தள்ளிப்போடத்தான் இத்தனை நடிப்பும்.

முப்பத்தெட்டரை. கொஞ்சம் வேகமாக ஏறுகிறது, குறைக்க வேண்டும். குறைத்தான். லேபில் சொல்வதோ நினைத்துப் பார்க்கவே முடியாது. இங்கே அவனுடைய மூக்குக்கு ஒரு பெயர் உண்டு. டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் மெஷினில் போடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவான். முதலாளி வெளியூர் ஆட்கள் வந்தால் கூட்டி வந்து, எங்க சென்னியப்பன் மூக்கு இருக்கறப்ப எனக்கு மெஷின் எதுக்கு என்று சிரிப்பார். புதிதாகச் சேருகிறவர்கள் இரண்டு பாட்டிலை நீட்டிச் சோதித்துப் பார்ப்பார்கள், அவனும் சலிக்காமல் சொல்வான். கர்வம்தான், இல்லாமல் என்ன. ஆறடி உயரமோ நல்ல குரலோ இல்லாதவனுக்கு ஆண்டவன் கொடுத்த ஒரே அலங்காரம். அதுவும் போனதை எப்படி வெளியே சொல்வது? ஆகவே சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் எல்லாருக்கும் முன்னால் வந்து, ஏதாவது ஒரு பாட்டிலைத் திறந்து மூக்குக்குக் கீழே பிடித்து இழுத்துப் பார்ப்பான், இன்றைக்காவது வருகிறதா என்று. லாட்டரிச் சீட்டுக்கு முடிவு பார்க்கிற மாதிரி. இந்தக் கறை மருந்து வந்த அன்று லேப் பிள்ளைகள் எல்லாரும் தலைவலி, தலைவலி என்று ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். அவனுக்கு அதைக் கேட்டு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இவ்வளவு காட்டமானது ஒன்று வந்திருக்கிறது, இதுகூடவா தெரியாமல் போய்விடும்? அன்றையிலிருந்து ஐந்து நாள் அந்தப் பாட்டில்தான். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் கிளம்பும்போது ஒரு தடவை. அடிக்கடி எடுக்க வேண்டியதால் மூடியை இறுக்கவில்லை, சும்மா வைத்திருந்தான். இருந்த இடம் ஜன்னல் ஓரம், சித்திரை வெயில். ஒருதரம் ஏதோ இனிப்பாகத் தெரிந்த மாதிரி இருந்தது, கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது, மறுபடி இழுத்துப் பார்த்தால் வெறும் காற்று. ஆறாவது நாள் அதே பாட்டிலில் இருந்து எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றிச் சோதனை போட்டான். லேசான பாகமெல்லாம் ஐந்து நாளும் அவன் மூக்கு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் பறந்துபோய், கனமான பாகம்தான் மிச்சம் இருந்திருக்க வேண்டும். அதுதான் அறுபத்துமூன்று வரைக்கும் தீயைத் தாங்கியது. சாம்பிள் பாட்டிலைத் திறந்து வைக்காதே என்பது இந்த வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். எத்தனை பேருக்கு அவனே சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றா? ஆமாம், நாற்பத்தொன்று. இதெல்லாம் அவன் மனசுக்குள் இன்று காலை டீ குடிக்கும்போதுதான் சேர்ந்து நின்றது. ஷகிலா பானு, இரண்டு வருஷம் முன்னால் சேர்ந்த கெமிஸ்ட், தம்ளரை ஊதிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "சார், அந்தக் கறை மருந்து வந்தன்னிக்கு அவ்வளவு நெடி அடிச்சுது. நீங்க டெஸ்ட் போட்ட அன்னிக்குப் பாத்தா ஒண்ணுமே இல்லியே. கவனிச்சீங்களா?" கவனிச்சேன்மா என்றான். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது. ஏழு மாதப் பழக்கம். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள், சென்னியப்பன் சார் கவனித்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நம்பிக்கொண்டு. சாம்பிள் வந்த அன்றே பாதியைத் தனிப் பாட்டிலில் ஊற்றிச் சீல் வைத்துக் குளிர்ப்பெட்டியில் மூன்று மாதம் வைப்பது வழக்கம், நல்லவேளை, அதை அவன் மோந்து பார்க்கவில்லை. அந்தச் சீலை உடைத்துத்தான் இப்போது கிண்ணத்தில் ஊற்றியிருக்கிறான். உடைக்கும்போது கைப்பழக்கம் பாட்டிலை மூக்குக்குக் கொண்டுபோய்விட்டது, பாதி வழியில் பிடித்து நிறுத்தினான், தன் கையைத் தானே பிடித்த மாதிரி.

நாற்பத்துநான்கு. எவ்வளவு வரும்? எதிர்பார்க்கிற சூட்டுக்குப் பத்து டிகிரி முன்னாலிருந்து நெருப்பைக் காட்ட ஆரம்பிக்க வேண்டும் என்பது விதி. அவன் அறுபது என்று எதிர்பார்க்கிறான். அதனால்தான் ஐம்பதில் ஆரம்பம். யார் எதிர்பார்ப்பது, எதை வைத்து எதிர்பார்ப்பது? வேறு ஒருவன் இந்த நிலையில் இருந்தால் கிண்ணத்தை ஐஸில் வைத்து அடியிலிருந்து ஆரம்பி என்றுதான் அவனே சொல்லியிருப்பான். ஐந்து நாளில் அப்படி என்ன போய்விடும், இரண்டு டிகிரி, மூன்று டிகிரி, அவ்வளவுதானே. அறுபத்தொன்று வந்துவிட்டால் போதும். அறுபத்தொன்று வந்தால் கிண்ணத்தைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போகலாம், சாயங்காலம் கமலவேணியிடம் மூக்கு விஷயத்தைச் சொல்லிவிடலாம், டாக்டரிடம் போகலாம், எல்லாம் செய்யலாம். அறுபது வந்தால்? கோயம்புத்தூர் கடல் மட்டத்தைவிட உயரம், இங்கே காற்றழுத்தம் கம்மி, அதற்காக வந்த எண்ணோடு ஒரு டிகிரி சேர்த்துக்கொள்வது நியாயம், விதியிலேயே இருக்கிறது. அப்படியானால் அறுபதும் அறுபத்தொன்றுதான். ஐம்பத்தொன்பதரை வந்தால்? அதற்கும் ஒரு டிகிரி சேர்த்தால் அறுபதரை, கோட்டுக்கு அந்தப் பக்கம்தான், தப்பித்துவிடலாம். ஐம்பத்தொன்பது வந்தால் தெர்மாமீட்டர் மேல் பழியைப் போடலாம், அது போன வருஷம் சரிபார்த்தது. ஐம்பத்தெட்டு வந்தால் குழந்தைவேலு சாம்பிளாகக் கொடுத்தது ஒன்று, ட்ரம்மில் கலந்தது ஒன்று என்று சொல்லிவிடலாம். சொல்லிவிடலாமா? அந்த மனுஷர் கும்பிடு போட்டுவிட்டுப் போனவர், மகளைப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு நேராக இங்கே வந்தவர். அவர் தலையில் போடலாமா? போடலாம் என்று ஒரு குரல் சொல்கிறது, அது தன்னுடைய குரல்தான் என்பதில் சென்னியப்பனுக்குச் சந்தேகமே இல்லை. அசிங்கமாக இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு டிகிரிக்கும் அரை டிகிரிக்கும் நின்று பேரம் பேசுகிறான், அங்கே கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நாற்பத்தேழு. இப்போதே போன் செய்யலாம், எண்ணுக்குக் காத்திருக்காமல். ஆனால் எண் இல்லாமல் என்ன சொல்வது? எண் இல்லாமல் அவன் பேசியதே இல்லை. சந்தேகம் என்று எந்த ரிப்போர்ட்டிலும் எழுதியதில்லை. நாற்பத்தெட்டு. சரி, இரண்டு நிமிஷம் பொறுத்தால் ஒரு விஷயமாவது தெரியும். நெருப்புத் திரியை ஏற்றினான், கடுகளவாகக் குறைத்தான், கைக்கு அதன் வேலை தெரிகிறது. நாற்பத்தொன்பது. மோட்டாரை நிறுத்தினான். சத்தம் நின்றதும் அறையில் குளிர்ப்பெட்டியின் முனகல் மட்டும் கேட்டது. சாமி, அறுபத்தொன்று என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ஐம்பது. கதவைத் திறந்து நெருப்பை உள்ளே காட்டினான்.

பொக் என்றது. நீலம் கிண்ணம் முழுக்கப் பரவி, மூடியின் விளிம்பு வரைக்கும் வந்து, சோதனை நெருப்பையே ஊதி அணைத்துவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு அகலமான நீலத்தை அவன் நாலைந்து தடவைதான் பார்த்திருப்பான். பற்றும் சூட்டை எப்போதோ தாண்டிப் போய்விட்ட ஆவி அது. முதல் தடவை காட்டியதுமே பற்றினால் அந்தச் சோதனை செல்லாது, அந்தச் சூட்டைப் பதிவு செய்யக் கூடாது, கொட்டிவிட்டுப் புதிதாக எடுத்துக் கீழிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதுவும் விதிதான். ஆக எண் இல்லை. ஐம்பது இல்லை, ஐம்பதுக்குக் கீழே எங்கேயோ. நாற்பதாக இருக்கலாம், முப்பதாக இருக்கலாம். திருப்பூரில் இன்றைக்கு வெளியே நிழலில் முப்பத்தொன்பது. அந்த ஷெட்டுக்குள், அயர்ன் டேபிள் பக்கத்தில், என்ன இருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்த மனசை அவன் இந்தத் தடவை முடிக்க விடவில்லை. போனை எடுத்தான்.

குழந்தைவேலு இரண்டாவது மணியில் எடுத்தார். பின்னால் பஸ் ஓடுகிற சத்தம். ட்ரம்மை உடனே அங்கிருந்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள், அயர்ன் பெட்டியை நிறுத்தச் சொல்லுங்கள், கறை எடுக்கிறதையும் நிறுத்தச் சொல்லுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னான். எத்தனை டிகிரிங்க சார் என்று கேட்டார். தெரியவில்லை, ஐம்பதுக்குக் கீழே என்றான். ரிப்போர்ட்டில் அறுபத்துமூன்று என்று இருக்கிறதே என்றார், குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. தெர்மாமீட்டர், சாம்பிள், காற்றழுத்தம், எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன.

"அது தப்புங்க. நான் பண்ணுன தப்பு. நீங்க முதல்ல அந்த யூனிட்டுக்குச் சொல்லுங்க."

பஸ் எங்கோ நின்று கிளம்பியது. "எந்த யூனிட்டுங்க சார்? பதினோரு எடத்துக்குப் போயிருக்குது. உங்க ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு ட்ரம்மு மேலயும் ஒட்டித்தான் குடுத்தனுங்க. நாஞ் சொன்னா வெலைய ஏத்தத் தகராறு பண்றேன்னு நெனைப்பாங்க. நீங்க லேப்புல இருந்து சொல்லுங்க, உங்க பேச்சுன்னாத்தான் நிறுத்துவாங்க."

பதினோரு இடம். காலையிலிருந்து அவன் மனசுக்குள் ஒரே மேஜைதான் இருந்தது, ஒரே இருபது பெண்கள். இப்போது அதைப் பதினொன்றால் பெருக்க வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் எண்கள் ஒவ்வொன்றாக வந்து விழத் தொடங்கின. அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தபோது ஷகிலா டிபன் டப்பாவோடு உள்ளே வந்தாள். வாசலிலேயே நின்று முகத்தைச் சுளித்தாள், மூக்கை மூடிக்கொண்டாள், போய் ஜன்னலைத் திறந்தாள், மேஜையில் கிடந்த உடைந்த சீலைப் பார்த்தாள். அவன் தாளை இரண்டாகக் கிழித்து ஆறு எண்ணை அவளிடம் கொடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று சொன்னான். அவள் டப்பாவைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"ஏன் இப்படி ஆச்சுன்னு கேப்பாங்களே சார். என்ன சொல்லட்டும்? மெஷின்ல கோளாறுன்னு சொல்லிரட்டுமா?"

அவள் அவனைக் காப்பாற்றத்தான் பார்க்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம் அந்தச் சொல் அவனுக்கு இனித்தது. ஆனால் மெஷின் என்று சொன்னால் யூனிட்காரர்கள் ஒரு தடவை யோசிப்பார்கள், வேறு லேபில் கேட்போம் என்பார்கள், சாயங்காலம் பார்க்கலாம் என்று வைத்துவிடுவார்கள்.

"வேண்டாம்மா. ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்ட ஆளுக்கு ஏழு மாசமா வாசனை தெரியாது, சாம்பிள் பாட்டிலைத் தெறந்து தெறந்து மோந்து பாத்தே ஆவியை விட்டுட்டாருன்னு சொல்லு. அப்பத்தான் நம்புவாங்க."

அவள் அவனைப் பார்த்தாள், டப்பாவை வைத்தாள், முதல் எண்ணை அழுத்தினாள். அவனும் தன்னுடையதில் முதல் எண்ணை அழுத்தினான். மணி போய்க்கொண்டிருந்தது, எடுக்கவில்லை, மறுபடி அழுத்தினான். மேஜைக்கு அந்தப் பக்கத்தில் அவள், ஆமாங்க, உடனே நிறுத்துங்க, எல்லாரையும் வெளிய கூப்புடுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே யாரோ காரணம் கேட்டிருக்க வேண்டும். அவள் கொஞ்சம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அவருக்கு வாசனை தெரியாதுங்க" என்றாள். அந்தப் பக்கம் காதில் விழவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை, லேப் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்த இரண்டு பேர் அப்படியே நின்றார்கள். அதே நேரம் சென்னியப்பன் காதில் மணி நின்று யாரோ ஹலோ என்றார்கள், பெண் குரல், பின்னால் புஸ் புஸ் என்று ஸ்டீம் பெட்டியின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் எழுந்து நின்று, ஊரையும் லேபையும் தன் பெயரையும் சொன்னான்.